கைப்பையின் அளவும் நம் நாணயமும்



திருச்சி, சென்னை விமான நிலையங்களின் கவுண்டர்களுக்கு அருகில் அரை மணி நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிட்டும். வரிசை நகர நகர, குடும்பத் தலைவரின் கையிலிருந்த பருத்த பை, முன்னரே போர்டிங் பாஸ் வாங்கிவிட்டு ஓரமாக நிற்கும் மச்சானின் காலடிக்குப் போய்விடும். மெலிந்த பை ஒன்று மட்டும் தராசில் ஏறும். "ஹேண்ட் லக்கேஜ் இவ்வளவுதானா?" என்று பணிப்பெண் கேட்பார். "இவ்வளவுதான்" என்று தயக்கமின்றிப் பதில் வரும். போர்டிங் பாஸ் கைக்கு வந்த மறுகணம் பருத்த பை தன் உரிமையாளரிடம் திரும்பிவிடும். உம்ராவுக்குப் புறப்படும் குழுவாக இருந்தால், அதற்குச் சற்று முன்புதான் பயணத்தின் துஆவை ஓதி அனைவரும் ஆமீன் கூறியிருப்பார்கள்.

இதைப் பொய் என்று அழைக்க நம்மில் பலருக்கும் மனம் வருவதில்லை. சாமர்த்தியம் என்கிறோம். ஊர் திரும்பிய பின், எத்தனை கிலோவை எப்படிக் கொண்டு வந்தோம் என்பதைத் திண்ணையில் அமர்ந்து வெற்றிக் கதையாகச் சொல்கிறோம். கேட்டிருக்கும் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். தொழுகையின் ஒழுங்கில் ஒரு சிறு பிசகையும் பொறுக்காத நம் சமுதாயம், கையில் பிடித்த பையின் விஷயத்தில் மட்டும் இவ்வளவு தாராளமாக இருப்பது ஏன் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விமானச் சீட்டு ஓர் ஒப்பந்தம். இத்தனை ரூபாய்க்கு ஓர் இருக்கை, இத்தனை கிலோ செக்-இன் பெட்டி, இந்த அளவுக்குள் அடங்கும் ஒரு கைப்பை என்று அவர்கள் சொன்னார்கள். நாம் ஒப்புக்கொண்டு பணம் செலுத்தினோம். படித்துப் பார்த்தோமா இல்லையா என்பது வேறு கேள்வி. அல்மாயிதா அத்தியாயம், ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு இறைநம்பிக்கையாளர்களை விளித்தே தொடங்குகிறது. எதிர்த் தரப்பு ஏழையாக இருக்க வேண்டும், நம் மார்க்கத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதையும் அங்கே காண முடியாது. அல்முதஃப்பிஃபீன் அத்தியாயமோ, தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்கிறது. நம் நடத்தையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். செக்-இன் பெட்டி 29 கிலோ என்று தராசு காட்டினால், "இன்னும் ஒரு கிலோ பாக்கி இருக்கிறதே" என்று அங்கேயே பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தைத் திணிக்கிறோம். அது நம் உரிமை, தவறில்லை. ஆனால் அதே தராசில் கைப்பை 11 கிலோ காட்டும் என்று தெரிந்தால் அதனை ஒளித்து வைக்கிறோம். நமக்கு வர வேண்டியது கிராம் கணக்கில் வர வேண்டும். நாம் கொடுக்க வேண்டியதற்கு மட்டும் கணக்கே இல்லை. மத்யன் மக்களுக்கு ஷுஐப் (அலை) அவர்கள் எடுத்துரைத்த அறிவுரையை ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைக்கிறோம். மத்யனில் இருந்ததும் தராசுதான்.

"கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனம், நான்கு கிலோவால் அவர்கள் அழிந்துவிடப் போகிறார்களா?" என்று கேட்போர் உண்டு. இன்னும் சிலர், எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்தே நேர்மையைத் தீர்மானிக்கிறார்கள். ஹிஜ்ரத்தின் இரவை இவர்களுக்கு நினைவூட்டுகிறோம். தம்மைக் கொல்லத் திட்டமிட்டிருந்த மக்காவாசிகளின் பொருள்கள் அமானிதமாகத் தம்மிடம் இருந்தன என்பதற்காக, அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை அந்த ஆபத்தான ஊரிலேயே விட்டுச் சென்றார்கள் நபி (ஸல்) அவர்கள். எடுத்துக்கொண்டு போயிருந்தால் கேட்பார் யாருமில்லை. உயிர்ப் பகைவர்களின் பொருளுக்கே அந்த மதிப்பு என்றால், நம்மைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனத்தின் விதிக்கு என்ன மதிப்பு?

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். பையைத் தராசில் வைத்து, அரைக் கிலோ கூடுதலாக இருப்பதைப் பார்த்த பின்னும் பணியாளர் "பரவாயில்லை, எடுத்துச் செல்லுங்கள்" என்றால் அது அவர் கண்டு விட்டுக்கொடுத்தது. அதில் குறை காண நமக்கு ஒன்றுமில்லை. கூடுதல் எடைக்குப் பணம் கட்டி எடுத்துச் செல்வதும் நேர்மையான வழியே. அதை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் கவுண்டரில் கேட்கும் தொகையைவிடக் குறைவாகவும் இருக்கும். நாம் கண்டிப்பது மறைத்துப் பெறுவதை.

இதில் பாதிக்கப்படுவது நிறுவனம் மட்டுமன்று. 180 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தில் 180 ட்ராலிகளை ஏற்றும் அளவுக்கு மேலறைகளில் இடம் கிடையாது. நாம் இருவர் இடத்தை அடைத்துக்கொண்டால், கடைசியில் ஏறும் ஒருவர் விதிப்படி கொண்டு வந்த தம் சிறு பையை வைக்க இடமின்றி நடைபாதையில் நிற்கிறார். அவர் கைக்குழந்தையுடன் வந்த ஒரு தாயாகவும் இருக்கலாம். அவருடைய ஹக்கை நாம் எடுத்துக்கொண்டோம். அவரை எங்கே தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்பது?

சில வேளைகளில் பாதிப்பு நம் வீட்டுக்குள்ளேயே வந்து விழுகிறது. நாம் அறிந்த ஒரு குடும்பம், சர்க்கரை நோயுள்ள தாயாரின் இன்சுலினையும் மாத்திரைகளையும் மகனுடைய பெரிய ட்ராலிக்குள் வைத்திருந்தது. கவுண்டரில் தப்பிய அந்தப் பை, விமான வாசலில் அளவுச் சட்டத்துக்குள் நுழையவில்லை. சீட்டு ஒட்டி, சரக்கறைக்கு அனுப்பிவிட்டார்கள். அவசரத்தில் மருந்து யாருக்கும் நினைவில்லை. இணைப்பு விமானத்துக்காக வேற்று நாட்டில் ஏழு மணி நேரம் காத்திருந்த அந்த அம்மாவிடம் மருந்து இல்லை. அது சேருமிடத்தில்தான் கிடைக்கும். இன்சுலின் சரக்கறைக் குளிரில் உறைந்து கெடவும் கூடும் என்பதால் அது எப்போதும் கையில்தான் இருக்க வேண்டும். கைபேசிக்கான பவர் பேங்கின் நிலை இதற்கு நேர் எதிர்: தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் அது சரக்கறைக்குப் போகவே கூடாது. வாசலில் பை பறிபோகும்போது அதனை வெளியே எடுக்க எத்தனை பேருக்கு நினைவு வருகிறது?

இவ்வளவு சங்கடத்துக்கும் வேர் விமான நிலையத்தில் இல்லை, பை வாங்கிய கடையில் இருக்கிறது. கைப்பை வாங்கும்போது நம் குடும்பங்கள் பார்ப்பவை மூன்று: நிறம், நான்கு சக்கரம், "எவ்வளவு சாமான் கொள்ளும்" என்ற கேள்வி. கடைக்காரர் "கேபின் சைஸ்தான் பாய், எல்லா ஃபிளைட்டிலும் போகும்" என்பார். எல்லா விமானத்திலும் போகும் பை என்று அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். 20 இன்ச் என்று சீட்டில் எழுதியிருப்பது பல பைகளில் கூட்டின் உயரம் மட்டுமே. 20 இன்ச் ஏறத்தாழ 51 செ.மீ.; சக்கரமும் மேற்கைப்பிடியும் சேர்ந்தால் 55 செ.மீ.யைத் தொட்டுவிடும். 22 இன்ச் கூடு என்றால் கூடே 56 செ.மீ., சக்கரத்தோடு 60 ஆகிவிடும். விமான நிறுவனங்கள் அளப்பது சக்கரம், கைப்பிடி, பக்கவாட்டுப் பை எல்லாவற்றையும் சேர்த்து.

அந்த அளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இண்டிகோ 55 × 35 × 25 செ.மீ. என்கிறது. ஏர் ஏசியா 56 × 36 × 23. ஸ்கூட் 54 × 38 × 23. கத்தார் ஏர்வேஸ் 50 × 37 × 25. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள்: உயரம் 50 செ.மீ. மட்டுமே. சென்னையில் கேபின் சைஸ் என்று வாங்கிய 55 செ.மீ. பை, உள்நாட்டுப் பயணத்தில் பிரச்சினையின்றிச் சென்று வந்திருக்கும். தோஹா வழியாகச் செல்லும்போது அது விதிக்கு வெளியே நிற்கும். எடையிலும் இப்படித்தான். மேற்சொன்னவற்றில் மூன்று நிறுவனங்கள் 7 கிலோ தருகின்றன, ஸ்கூட் 10 கிலோ தருகிறது. ஏர் ஏசியாவின் 7 கிலோ, பெரிய பையும் தோளில் மாட்டும் சிறு பையும் சேர்ந்த மொத்தம் என்பது கோலாலம்பூர் செல்லும் நம்மவர்கள் பலர் வாசலில்தான் அறிந்துகொள்கிறார்கள். அளவுகள் அவ்வப்போது மாறுவதால், ஒவ்வொரு முறையும் சீட்டு எடுத்த நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. இணைப்பு விமானம் வேறு நிறுவனத்துடையது என்றால், இரண்டில் கடுமையான விதியே நமக்கு விதி.

ஒரே பையை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு நாம் சொல்வது இதுதான்: சக்கரத்தோடு சேர்த்து 50 × 35 × 20 செ.மீ.க்குள் அடங்கும் பையைத் தேடுங்கள். மேலே சொன்ன நான்கு நிறுவனங்களின் சட்டத்திலும் அது நுழையும். கடைக்குப் போகும்போது தையற்காரரின் நாடா ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பையைத் தரையில் நிறுத்தி, சக்கரத்தின் அடியிலிருந்து மடக்கிய கைப்பிடியின் உச்சி வரை அளக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பக்கவாட்டில் விரியும் ஜிப் வைத்த பைகளில் நமக்கு நம்பிக்கை இல்லை. அதைத் திறந்தால் நான்கைந்து செ.மீ. கூடிவிடும், திறக்காமல் இருக்க நம் கை சும்மா இராது.

பையின் சொந்த எடையைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நான்கு சக்கரம் வைத்த கெட்டிக் கூட்டுப் பை வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் மூன்று கிலோவைப் பையே தின்றுவிட்டால் நமக்கு மிஞ்சுவது நான்கு. துணியால் ஆன முதுகுப் பை பெரும்பாலும் ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். சட்டத்துக்குள் சற்று அழுத்தினால் ஒடுங்கவும் செய்யும். கெட்டிக் கூடு ஒரு விரற்கடை அதிகமானாலும் ஒடுங்காது. முதுகுவலி உள்ள முதியவர்களுக்குச் சக்கரம் தேவை, மறுக்கவில்லை. இருபத்தைந்து வயது இளைஞர்களுக்குமா?

உம்ரா குழு நடத்துநர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள், சற்றுக் கடுமையாகவே. பயணிகளுக்கு இலவசமாகப் பை தருகிறீர்கள். அதில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பையின் அளவு மட்டும் எங்கும் இல்லை. நீங்கள் சீட்டு எடுத்த விமானத்தின் அளவுக்குள் அப்பை அடங்குமா என்று அச்சிடும் முன் ஒருமுறை பார்த்தீர்களா? உம்ராவின் செயல்முறைகளைக் கற்பிக்க வகுப்பு நடத்துகிறீர்கள், அல்லாஹ் நற்கூலி தரட்டும். அந்த வகுப்பிலேயே கைப்பையில் எதை வைக்க வேண்டும் என்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா? சென்னையிலிருந்து ஜித்தா செல்லும் விமானம் மீகாத் எல்லையை வானிலேயே கடந்துவிடுகிறது. வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் உடுத்தாதவர்களின் இஹ்ராம் துணி கைப்பையில் இருந்தாக வேண்டும். அது வாசலில் பறிக்கப்பட்ட பையோடு சரக்கறைக்குப் போய்விட்டால், வழியெல்லாம் கலங்கி நிற்க வேண்டியதுதான். இஹ்ராம் துணி, ஒரு மாற்றுடை, மருந்து, மருத்துவரின் சீட்டு, கடவுச்சீட்டு, சிறு குர்ஆன் பிரதி, கைபேசி, பவர் பேங்க். இவ்வளவும் சேர்ந்து நான்கு கிலோவைத் தாண்டாது. மற்றவை எதற்குக் கைப்பையில்?

மற்றவை என்ன என்பது நமக்குத் தெரியும். அவற்றில் பாதி நம்முடையவையே அல்ல. பக்கத்து வீட்டம்மா துபையில் இருக்கும் மகனுக்குக் கொடுத்த ஊறுகாய், கீழக்கரை உறவினர் கொடுத்த தொதல், யாரோ யாருக்கோ கொடுத்த மாத்திரைப் பொட்டலம். மறுத்தால் உறவு முறியும் என்ற அச்சம். உறவைப் பேணுவது மார்க்கம்தான். பிறர் சாமானை ஒளித்துக் கொண்டு போவது உறவைப் பேணுவதன் ஒரு பகுதி என்று எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. கொடுப்பவர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. "சின்னப் பொட்டலம்தான்" என்று நீட்டும் முன், அவருக்கு இருப்பது 7 கிலோ என்று எண்ணிப் பாருங்கள். வளைகுடா நாடுகளில் கசகசாவுக்குத் தடை இருப்பதையும், இங்கே மருந்துக் கடையில் வாங்கும் சில வலி நிவாரணிகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் என்பதையும் பயணி அறிந்திருக்காவிட்டால், விசாரணை அறையில் அமர்வது அவர்தான், பொட்டலம் கொடுத்தவர் அல்லர். பை யார் கையில் இருக்கிறதோ அவரே அதற்குப் பொறுப்பாளி.

விமான நிறுவனங்கள் குற்றமற்றவை என்று நாம் சொல்லவில்லை. சீட்டை மலிவாகக் காட்டி, பைக்குத் தனியாகக் கறப்பது இன்று வணிகமாகிவிட்டது. அளவுகள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்கும் அவர்களே காரணம். ஐயாட்டா எனப்படும் சர்வதேச வான் போக்குவரத்துச் சங்கத்தின் பழைய வழிகாட்டல் 56 × 45 × 25 செ.மீ. 2015 ஜூனில் அச்சங்கம் 55 × 35 × 20 என்ற பொது அளவு ஒன்றை முன்வைத்தது; மக்களிடம் இருக்கும் பைகளையெல்லாம் மாற்றச் சொல்கிறார்களா என்று எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே பின்வாங்கிவிட்டது. அன்று முதல் இன்று வரை ஆளுக்கொரு அளவு. இதை எதிர்த்துப் பேசலாம், எழுதலாம், வேறு நிறுவனத்தில் பயணிக்கலாம். மச்சானின் காலடியில் பையை ஒளிப்பது எதிர்ப்பாகாது.

கைப்பைக்குள் உலகையே திணிப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபை சென்ற எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பற்றியது. உள்ளே 300 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அல்லாஹ்வின் அருளால் அனைவரும் உயிர் தப்பினர். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். புகை சூழ்ந்த அந்த நேரத்தில் பயணிகள் சிலர் மேலறையைத் திறந்து பைகளை எடுத்துக்கொண்டிருந்ததைக் காட்டும் ஒளிப்படக் காட்சி உலகெங்கும் பரவியது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், கடலோரக் காவற்படை விமானத்துடன் மோதித் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் வெளியேறினர். பைகளை விட்டுவிடுமாறு பணியாளர்கள் கூவினர். பயணிகள் விட்டுவிட்டு இறங்கினர். ஓராண்டுச் சேமிப்பையும் ஊராரின் பொட்டலங்களையும் மேலறையில் ஏற்றி வைத்தவருக்கு, அப்படி ஒரு நொடியில் கையை எடுப்பது அவ்வளவு எளிதா?

ஆகவே வீட்டுத் தராசிலேயே முடித்துக்கொண்டு புறப்படுவோம். குளியலறைத் தராசு போதும்: பையோடு ஏறி நின்று ஒருமுறை, பையின்றி ஒருமுறை, இரண்டையும் கழித்தால் பையின் எடை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். கணக்கை அவர்களே போடட்டும். கூடுதலாக இருந்தால் எதை எடுப்பது என்று அவர்களையே கேளுங்கள்.

திரும்பும் பயணத்துக்கும் இதுவே பொருந்தும். விதி பெரும்பாலும் மீறப்படுவது திரும்பும் வழியில்தான். மதீனாவில் வாங்கிய பேரீத்தம்பழம் செக்-இன் பெட்டிக்குரியது. முந்தைய இரவே விடுதி அறையில் எடை பார்த்துப் பிரித்து வையுங்கள். இரண்டு பெட்டி அதிகமாகிவிட்டது என்றால் அறைத் தோழருக்கோ விடுதிப் பணியாளருக்கோ கொடுத்துவிடலாம். ஸம்ஸம் நீரைக் கைப்பையில் பாட்டில்களாகச் செருகாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட எந்த நீரும் நிற்காது, அந்தப் புனித நீர் குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்க்க நேரிடும். ஜித்தா விமான நிலையத்திலேயே 5 லிட்டர் பெட்டியாக அடைத்து விற்கிறார்கள். உங்கள் சீட்டு அதை அனுமதிக்கிறதா என்று குழு நடத்துநரிடம் முதல் நாளே கேட்டு, அனுமதி இருந்தால் அதைத் தனியே கவுண்டரில் ஒப்படையுங்கள்.